கையால் செய்த பேஸ் கிட்டார்: வைத்துக்கொள்ளும் முறை

செய்தவர் கருவியைக் கையில் தரும் நாளிலேயே சில விவரங்களை எழுதி வாங்கிவிடுங்கள். ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) ஒருபக்கம் மட்டும் வேலை செய்வதா, இருபக்கமுமா? அதைத் திருப்பும் ஆலன் சாவி என்ன அளவு? மேற்பூச்சு எண்ணெயா, நைட்ரோ லாக்கரா, பாலியூரித்தேனா? பிரியாம்ப் (கருவிக்குள்ளேயே ஒலியைப் பெருக்கும் சுற்று) இருந்தால் அதன் வயரிங் படம் எங்கே? தொழிற்சாலைக் கருவி என்றால் மாடல் பெயரைச் சொன்னாலே உதிரிப் பாகம் வந்துவிடும். ஒற்றையாகப் பிறந்த கருவிக்கு அந்தக் காகிதம்தான் ஜாதகம்.

கவனம் முழுவதும் கழுத்தின் மேல் இருக்கட்டும். நான்கு தந்திகள் சேர்ந்து அதை ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ விசையில் இழுக்கின்றன. உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே கழுத்து மிக லேசாகக் குழிந்திருப்பதுதான் சரி. சோதிப்பது எளிது. சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையில் கருவியை மடியில் வையுங்கள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்), கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் ஒரு கை மிஞ்சும். இப்போது ஏழாம், எட்டாம் ஃப்ரெட் அருகே தந்தியைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய 'டிக்' ஒலி கேட்டு, விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் போல, இடைவெளி இருந்தால் எதையும் தொடாதீர்கள். இடைவெளி கூடினால் ராடை வலப்புறம் இறுக்க வேண்டும், இல்லவே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். மீண்டும் சுருதி சேர்த்து, ஒரு இரவு விட்டுவிட்டு அளந்து பாருங்கள். சாவி முரண்டுபிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ராட் முறிந்தால் ஃப்ரெட்போர்டையே (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) பெயர்க்க வேண்டிவரும்.

தந்தி உயரம் அதிகம் என்று ராடைத் திருகுகிறவர்கள் நிறையப் பேர். உயரத்துக்குப் பிரிட்ஜில், அதாவது உடலின் மேல் தந்தியைத் தாங்கும் பகுதியில், திருகுகள் இருக்கின்றன. முதலில் கழுத்து, பிறகு உயரம், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது): இந்த வரிசை மாறக் கூடாது.

தந்தி வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் தொட்டு 34 அங்குலம்தான் வழக்கமான அளவு. கைவினைஞர்கள் அதோடு நிற்பதில்லை. என்னுடையது ஐந்து தந்தி, 35 அங்குலம். தந்தி உடலின் பின்புறத்திலிருந்து ஏறி வருகிறது. சாதாரண செட்டை மாட்டினால் தடித்த சுற்றுப் பகுதி நட்டை (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் பட்டை) எட்டும் முன்பே முடிந்துவிடும் அபாயம் உண்டு. வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம்: வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பு தந்தியைச் செங்கோணமாக மடித்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேற்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, புதுத் தந்தியே செத்த ஒலி தரும். எல்லாத் தந்திகளையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்து பாழாகும் என்பது வெறும் பயமுறுத்தல். ஃப்ரெட்போர்டைத் துடைக்கக் கழற்றத்தான் வேண்டும்.

கருங்காலி, ரோஸ்வுட் என்றால் இரண்டு மூன்று சொட்டு எலுமிச்சை எண்ணெய் போதும். லாக்கர் பூசிய மேப்பிளுக்கு ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தாலே போதும். நைட்ரோ பூச்சை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாய்க்காதீர்கள். ரப்பர் படும் இடம் இளகிப் பிசுபிசுக்கும். எண்ணெய்ப் பூச்சு வறண்டு மங்கினால் அதே எண்ணெயை மெல்லியதாக ஒரு கை தடவலாம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானி வையுங்கள். மரம் வறண்டு சுருங்கும்போது ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்தி விரலைக் கீறும். உடனே அரம் எடுக்காதீர்கள், முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள்.

மின்பகுதியில் வேலை குறைவு. பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் (பிரியாம்ப் உள்ளவை) கேபிள் செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள். ஒலி கரகரத்தால், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

ஃப்ரெட் சமன்செய்வதையும் நட் செதுக்குவதையும் செய்தவரிடமே விடலாம். பிக்கப்பையோ பிரிட்ஜையோ மாற்றினால் புதுத் துளை போடாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். கழற்றிய பாகத்தைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பின்னாளில் வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.