குழந்தைகள் நாடகம்: தன்னார்வலர்கள் திட்டமிடும்போதே செய்துவிடும் தவறுகள்

பிள்ளைகளை வைத்து முதன்முதலாக நாடகம் போட்டபோது, நாங்கள் கூடிப் பேசிய முதல் விஷயம் நிகழ்ச்சி நாள். இரண்டாவது ஸ்கிரிப்ட். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எந்த வயது, வாரத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் யோசித்தோம். வரிசை தலைகீழாகிவிட்டது. பின்னால் வந்த தலைவலிகளில் பாதி இங்கிருந்து முளைத்தவைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 15 மணி நேரம். வந்து சேர, பெயர் கூப்பிட, தண்ணீர் குடிக்க, கிளம்ப என்று ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் போய்விடும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகவே சரியாக இருக்கும். கடைசி வாரம் உடைக்கும் மேடைக்கும் போகும். ஒத்திகை என்று உருப்படியாக மிஞ்சுவது எட்டு மணி நேரம் சொச்சம். அதிலும் எல்லோரும் எல்லா வாரமும் வரப்போவதில்லை. இதற்குள் ஒரு மணி நேர நாடகம் போடலாம் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 15 நிமிட நாடகம் போதும். அதை அவர்கள் ரசித்துச் செய்வார்கள்.

நீளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாத்திரங்களைப் பிரிக்கும் விதம். எங்கள் முதல் நாடகத்தில் 22 பிள்ளைகள். நன்றாகப் பேசும் நான்கு பேருக்கு வசனத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை மரம், மேகம், ஊர் மக்கள் என்று நிறுத்திவிட்டோம். ஒரு சிறுமிக்கு ஒரே ஒரு வசனம். எட்டு வாரமும் தவறாமல் வந்து, சுவரோரம் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தாள். நிகழ்ச்சியன்று பெரிய பையன் ஒருவன் பதற்றத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டான். அவளுடைய வசனம் அந்தப் பக்கத்தில் இருந்தது. திரைக்குப் பின்னால் வந்து, "நான் இன்னும் பேசவே இல்லையே" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு கதாநாயகன், கதாநாயகி உள்ள ஸ்கிரிப்டையே எடுப்பதில்லை. கதையைச் சின்னச் சின்னக் காட்சிகளாக உடைத்து, காட்சிக்கு ஐந்தாறு பேர் என்று குழு பிரிக்கிறோம். கதைசொல்லியின் பகுதியைப் பலருக்குப் பங்கு போடுகிறோம். ஒரு குழு ஒத்திகை பார்க்கும்போது இன்னொரு குழுவுக்கு வேறொரு தன்னார்வலரோடு வேறு வேலை இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் சேட்டை செய்கிறது, இல்லையென்றால் அடுத்த வாரம் வருவதில்லை. இப்படிப் பிரித்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நாடகமே நின்றுபோகாது.

அடுத்தது மனப்பாடம். அச்சடித்த தாளை முதல் நாளே கையில் கொடுத்தால், பிள்ளைகள் அதை ஒப்பிக்கத்தான் செய்வார்கள். எதிரில் நிற்பவன் என்ன சொல்கிறான் என்று காதில் வாங்கமாட்டார்கள். தன் வரி எப்போது வரும் என்பதிலேயே கண். வயோலா ஸ்போலின் என்ற நாடகப் பயிற்சி ஆசிரியை 1930களின் கடைசியில் சிகாகோவில் பல மொழி பேசும் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தவர். விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதைவிட விளையாட்டு வழியாக நடிப்பைக் கொண்டுவருவது எளிது என்று கண்டு, அதற்கென்றே விளையாட்டுகளை வகுத்தார். விளையாட்டை நிறுத்தாமல், ஓரத்திலிருந்து "அந்தப் பெட்டி எவ்வளவு கனம்?" என்பது போல ஒரு சொல் போட்டு விடுவது அவருடைய முறை. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், நாடகப் பயிற்சி இல்லாத தன்னார்வலர்கூட. முதலில் காட்சியைப் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பேச்சில் நடித்துப் பார்க்கட்டும். அதில் வந்து விழும் நல்ல வரிகளைக் குறித்துக்கொண்டு வசனமாக்குங்கள். அவர்கள் சொன்னதுதான் என்பதால் மறக்கவும் மாட்டார்கள்.

மேடையும் கட்டாயமில்லை. பிரிட்டனில் குழந்தை நாடகத்துக்காகவே வாழ்ந்த பீட்டர் ஸ்லேட், சிறு பிள்ளைகளை உயரமான மேடையில் ஏற்றுவதையே விரும்பவில்லை. தரையில் வட்டமாகப் பார்வையாளர்களை உட்காரவைத்து நடுவில் நடித்தால் "சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு" என்று கத்த வேண்டிய அவசியமும் குறையும்.

தன்னார்வலர்கள் பக்கம் வருவோம். பத்துப் பேர் ஆர்வமாக வருவார்கள். பத்துப் பேரும் இயக்குநராக ஆசைப்படுவார்கள். ஒருவர் "இந்தப் பக்கம் திரும்பிப் பேசு" என்பார், இன்னொருவர் "அந்தப் பக்கம்" என்பார். பிள்ளை குழம்பி நிற்கும். ஒரு காட்சிக்கு ஒரே குரல்தான் இருக்க வேண்டும். வருகைப்பதிவு, உடைகள், பெற்றோருக்குத் தகவல், கழிப்பறைக்குத் துணை ஆகிய வேலைகளையும் ஆரம்பத்திலேயே பெயர் போட்டுப் பிரித்துவிடுங்கள். அந்த வேலையைச் செய்பவரை "உதவிக்கு வந்தவர்" என்று ஓரங்கட்டாதீர்கள். நிகழ்ச்சி ஓடுவதே அவர்களால்தான். ஐந்தாவது வாரம் வாக்கில் இரண்டு மூன்று பேர் வராமல் போவார்கள். வேலை, குடும்பம், தேர்வு என்று எல்லோருக்கும் காரணம் இருக்கும். அதனால் ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் "எல்லோரும் தெரிந்தவர்கள்தானே" என்று விட்டுவிடுவதை மட்டும் நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். பிரிட்டனின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி பரிந்துரைக்கும் அளவு, 4 முதல் 8 வயது வரை 6 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 12 வரை 8 பிள்ளைகளுக்கு ஒருவர். உங்களிடம் நான்கு பேர்தான் என்றால் 40 பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள், அழைப்பு எவ்வளவு வந்தாலும். புதிதாகச் சேரும் தன்னார்வலரைப் பற்றித் தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் பின்னணிச் சரிபார்ப்பு கேட்டால் அதையும் முடித்துவிடுங்கள். பிள்ளையை யார் வந்து அழைத்துப் போகலாம், எந்த உணவு ஒவ்வாது, படம் எடுக்கச் சம்மதமா என்ற மூன்றையும் முதல் நாள் படிவத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

ஸ்கிரிப்ட் பற்றி ஒரு வார்த்தை. கட்டணமில்லாத நிகழ்ச்சிதானே என்று யாரோ எழுதிய நாடகத்தை அப்படியே எடுக்காதீர்கள். பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி காப்புரிமை பொதுவாக எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு வரை நீடிக்கும். பல நாடுகளில் அதைவிட அதிகம். அனுமதி கேட்டு எழுதுங்கள், அல்லது பழைய நாட்டுப்புறக் கதையை நீங்களே நாடகமாக்குங்கள்.

உடைகளை முந்தைய நாள்வரை தள்ளிப்போடுவது இன்னொரு வழக்கமான பிழை. புது உடையும் நீளமான தாவணியும் போட்டதும் பிள்ளைகள் நடையையே மறந்துவிடுவார்கள். இரண்டு வாரம் முன்பே போட்டு ஓடச் சொல்லுங்கள்.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் களைத்துப்போய்க் கலைந்துவிடுவது வழக்கம். அடுத்த வாரம் அதே நேரத்தில் இன்னொரு முறை கூடுங்கள். நாங்கள் அப்படிக் கூடியபோது ஒத்திகை எதுவும் வைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அவரவருக்குப் பிடித்த காட்சியைக் கேட்டோம். அந்தச் சிறுமி எழுந்து நின்று, மேடையில் சொல்லாமல் போன தன் வசனத்தைச் சொன்னாள். பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.