ஐசோமெட்ரிக்கா, ஆக்ஸோனோமெட்ரிக்கா? கோணமானியை எடுங்கள்

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், சமையலறை அலமாரி ஒன்றை வரைந்து, கீழே ‘ஐசோமெட்ரிக்’ என்று எழுதினேன். அங்கிருந்த மூத்தவர் 30 டிகிரி செட் ஸ்கொயரைப் படத்தின்மேல் வைத்தார். ஒரு கோட்டோடும் அது ஒட்டவில்லை. பெயரை அழித்துவிட்டு வரச் சொன்னார்.

ஒரு பெட்டியின் மூன்று பக்கங்களும் ஒரே படத்தில் தெரியும்படி, இணைகோடுகளை இணையாகவே வைத்து வரையும் முறைகளுக்கு ஆக்ஸோனோமெட்ரிக் என்பது குடும்பப் பெயர். ஐசோமெட்ரிக் அதில் ஒரு பிள்ளை. கூடப் பிறந்தவை டைமெட்ரிக், டிரைமெட்ரிக். எது எது என்று கண்டுபிடிக்க, முதலில் இணைகோடுகள் இணையாகவே போகின்றனவா என்று பாருங்கள். தூரத்தில் நெருங்கினால் அது பெர்ஸ்பெக்டிவ், இந்தக் குடும்பமே இல்லை. சரி, இணையாக இருக்கிறதா? பெட்டியில் நமக்கு அருகில் இருக்கும் மேல் மூலைக்குப் போங்கள். அங்கே சேரும் மூன்று விளிம்புகளுக்கு இடையிலான கோணங்களை அளந்து பாருங்கள். மூன்றும் 120 டிகிரி என்றால் ஐசோமெட்ரிக். இரண்டு மட்டும் சமமென்றால் டைமெட்ரிக், மூன்றும் வேறென்றால் டிரைமெட்ரிக்.

என் அலமாரிப் படத்தில் 90, 135, 135 வந்தது. பிளானை, அதாவது நேர் மேலிருந்து பார்க்கும் படத்தை, அப்படியே 45 டிகிரி திருப்பி, செங்குத்துக் கோடுகளை எழுப்பியிருந்தேன். கட்டடக்கலை அலுவலகங்களில் இதைத்தான் ‘ஆக்ஸோனோமெட்ரிக்’ என்பார்கள். கறாராகச் சொன்னால் இது ஆப்ளிக் வகை, அதாவது ஒரு முகம் உண்மை வடிவத்திலேயே தெரியும் படம். 90 டிகிரி தெரிந்தாலே சந்தேகப்படுங்கள். பழைய கணினி விளையாட்டுகளில் இரண்டு பிக்சல் பக்கவாட்டில், ஒரு பிக்சல் மேலே என்று கோடு போவதால் சாய்வு சுமார் 26.6 டிகிரிதான், ஐசோமெட்ரிக்குக்கு வேண்டிய 30 இல்லை. ஐசோமெட்ரிக் என்று அழைக்கப்பட்டாலும் அவை டைமெட்ரிக்.

அப்புறம் அளவு. உண்மையான ஐசோமெட்ரிக் புரொஜெக்‌ஷனில் 60 மி.மீ. விளிம்பு ஏறக்குறைய 49 மி.மீ. ஆகச் சுருங்கும், மூன்று திசையிலும் ஒரே விகிதம், 0.816. சுருக்காமல் 60 மி.மீ. என்றே வரைந்தால் அது ஐசோமெட்ரிக் டிராயிங். பரீட்சையில் எதைக் கேட்கிறார்கள் என்று இரண்டு முறை படியுங்கள்.

டிராயிங்கிலும் அச்சுகளுக்கு, அதாவது அந்த மூன்று விளிம்புத் திசைகளுக்கு, இணையான கோடுகளில் மட்டுமே ஸ்கேல் வையுங்கள். 60 மி.மீ. சதுர முகத்தின் மூலைவிட்டம் நிஜத்தில் கிட்டத்தட்ட 85. தாளில் ஒரு மூலைவிட்டம் 60 காட்டும், மற்றது 104 காட்டும். மூலைக்கு மூலை போகும் குறுக்குச் சட்டத்தின் நீளத்தைத் தச்சர் அப்படி அளந்து வெட்டினால் மரம் வீண். அந்த நீளத்தை எண்ணாகவே எழுதிக் கொடுங்கள்.