குற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

"பூட்டிய வீட்டில் 40 சவரன் கொள்ளை" என்ற தலைப்பை எத்தனை முறை படித்திருப்போம்! வீட்டில் ஆள் இல்லை, யாரையும் மிரட்டவில்லை, ஒரு அடிகூட விழவில்லை. சட்டத்தின் கண்ணில் அது வீடு புகுந்து செய்த திருட்டு. எடுக்கும்போது அடித்தாலோ கத்தியைக் காட்டினாலோதான் கொள்ளை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, தண்டனை ஆயுள் வரை போகும். நாலு பேர் உள்ளே போக, ஐந்தாவது ஆள் வாசலில் காவல் நின்றால் அவரும் கணக்கில் சேருவார். சங்கிலிப் பறிப்பு இன்னொரு ரகம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் பறிப்பை இந்திய அளவில் தனிக் குற்றமாக்கியது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் புள்ளிவிவரம் அந்தப் பெயர்களின் மேல்தான் நிற்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வந்ததும் "குற்றத்தில் முதலிடம்" என்று ஒரு மாநிலத்தைப் போட்டுத் தாளிப்பார்கள். அந்த அறிக்கை எண்ணுவது பதிவான வழக்குகளை. நடந்த குற்றம் எத்தனை என்பது வேறு கணக்கு. மக்கள்தொகையோடு ஒப்பிட்ட விகிதத்தில் கேரளா அடிக்கடி மேலே வரும். அங்கே வெளியில் நடமாட முடியாது என்பதா அதற்கு அர்த்தம்? புகார் கொடுக்க மக்கள் தயங்குவதில்லை, போலீஸும் பதிவு செய்கிறது என்பது அதில் பெரும்பங்கு. பதிவே செய்யாத ஊர் காகிதத்தில் அமைதிப் பூங்காவாகத் தெரியும். இன்னொன்று, ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் பெரியதை மட்டும்தான் எண்ணுவார்கள். வீடு புகுந்து, ஆளைக் கொன்று, நகையோடு போனால் பட்டியலில் ஒரு கொலை ஏறும், நகை போன கணக்கு காணாமல் போகும். இரண்டு மாநிலங்களை ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் கொலை விகிதத்தைப் பாருங்கள். பிணத்தை மறைப்பது கஷ்டம், சங்கிலி போனதை மறைப்பது சுலபம்.

தமிழ்நாட்டில் இதில் ஒரு உள்ளூர்த் தவறும் உண்டு. புகார் கொடுத்துவிட்டு, காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி, "கேஸ் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பது. அது மனு வந்ததற்கான ஒப்புகைதான். எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் வழக்கு. கைது செய்யத்தக்க குற்றம் நடந்தது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது.

புகாரே வராமல் போவதற்குப் பெரிய காரணம் நம் வாய். "அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?", "இவ்வளவு நகையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாமா?" என்று கேட்பவர்கள் நாம்தானே. பாதிக்கப்பட்டவரை ஆராயும் துறையே ஆரம்பத்தில் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் மார்வின் வொல்ஃப்காங் பிலடெல்பியாவில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளை எடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய நான்கில் ஒன்றில், செத்தவர்தான் முதலில் கை ஓங்கியவர். கைகலப்பில் முடிந்த கொலைகளுக்கு இது நியாயமான கணிப்பு. 1971இல் மெனாகெம் அமீர் என்ற ஆய்வாளர் இதையே பாலியல் வன்முறைக்குப் பொருத்திப் பார்த்தார், பலத்த கண்டனம் எழுந்தது. எழாமல் எப்படி? ஒரு பெண் குடித்திருந்ததும், பழகியதும், சண்டையில் ஒருவன் முதலில் கத்தியை எடுப்பதும் ஒன்றா? நம் நாட்டுப் பதிவுகளில் பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். இருட்டுச் சந்தில் ஒளிந்திருக்கும் முகம் தெரியாதவனைப் பற்றியே எச்சரித்துக்கொண்டிருந்தால், ஆபத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதைக் கவனிக்க மாட்டோம்.

இணைய மோசடியில் பழி இன்னும் மோசம். "படித்தவர் போய் ஏமாறலாமா" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்தே பலர் வெளியே சொல்வதில்லை. போலீஸ் போல வீடியோவில் அழைத்து, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் குறிவைப்பவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும் உண்டு. சட்டத்துக்குப் பயப்படும் ஆளிடம்தானே சட்டத்தின் பெயரைச் சொல்லி மிரட்ட முடியும்? போன பணம் பல கணக்குகளுக்கு மாறும் முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

சரி, காரணத்துக்கு வருவோம். "வறுமைதான் காரணம்" என்பது எல்லோர் கையிலும் தயாராக இருக்கும் பதில். அப்படியானால் அமெரிக்காவில் வறுமை குறைந்த 1960களில் குற்றம் ஏன் ஏறியது? லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1979இல் இதைத்தான் கேட்டார்கள். திருட மனமுள்ள ஆள், கைக்கு எட்டும் பொருள், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நேரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் போதும் என்றார்கள். பெண்களும் வேலைக்குப் போனதால் வீடுகள் பகலில் காலியாகின. இன்னொரு பக்கம் பொருள்களின் எடை குறைந்தது. விற்பனையில் இருந்த மிக இலேசான டி.வி. 1960இல் 38 பவுண்டு, 1970இல் 15 பவுண்டு! ஒரு ஆள் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. ஆனால் இதையும் எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்க முடியாது. மனைவியை அடிப்பவனுக்கு வீட்டில் ஆள் இருப்பதுதான் வசதி. வங்கியை ஏமாற்றும் நிறுவன இயக்குநருக்கு வறுமையும் பொருந்தாது, பூட்டும் பொருந்தாது. மேல்தட்டுக் குற்றங்களைக் கணக்கில் சேர்க்காததால்தான் குற்றமென்றால் ஏழை என்று தோன்றுகிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939லேயே சொல்லிவிட்டார்.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, 'பிறவிக் குற்றவாளி' என்ற நம்பிக்கை. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ மண்டையையும் தாடையையும் அளந்து இதை நூலாக எழுதியது 1876இல். அதற்கு 5 ஆண்டுகள் முன்பே ஆங்கில அரசு இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென் மாவட்டங்களில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததற்காகக் கைரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்தில் படுத்து, வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1952இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் போயிற்று. பட்டியலில் இருந்தவர்கள் அரசு ஆவணத்தில் சீர்மரபினர் ஆனார்கள். ஆனாலும் சில சிறைக் கையேடுகளில் அவர்களைப் 'பழக்கக் குற்றவாளிகள்' என்று சொல்லும் வரிகள் அப்படியே இருந்தன. அவை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில்தான்.