சிறையில் இருப்பவருக்குக் குமரியிலிருந்து கடிதம்: எழுதும் முறை, அனுப்பும் முறை, தவிர்க்க வேண்டியவை

உக்ரைன், ரஷ்யா, பெலாரஸ், மியான்மர் என்று போரிலும் அடக்குமுறையிலும் சிக்கிய நாடுகளுக்கு இங்கிருந்து நம்மால் என்ன ஆகும் என்ற கேள்வி எந்த வாசகர் வட்டத்திலும் எழும். வழக்கமான விடை ஒரு கண்டனக் கூட்டம், ஒரு பிளெக்ஸ், நாலு பேஸ்புக் பதிவு. அதனால் அங்கே இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சில சமயம் கெடுதலாகவே முடியும். அங்கே மாட்டிக்கொண்டவர்களும் அவர்களுக்காக வேலை செய்பவர்களும் எதைக் கேட்கிறார்களோ அதை, நம் நாட்டுச் சட்டத்துக்குள் நின்று, மாதாமாதம் விடாமல் செய்வதே உதவி. படிப்பகம், கிளை நூலக வாசகர் வட்டம், அன்பியம் (பங்குக் குடும்பங்களின் சிறு குழு), கல்லூரி மன்றம் என எதுவானாலும் எடுத்துச் செய்யக்கூடியது சிறைக்கடிதம், அதாவது அங்கே அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருப்பவருக்கு எழுதும் கடிதம். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

யார் எழுதலாம், யார் வேண்டாம்

ஆறேழு பேர் போதும். நூலக அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ மைக் இல்லாமல் உட்கார்ந்து எழுதுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்துத்தான் நடத்துவோம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. உண்மையில் கடிதம் எழுத ஒலிபெருக்கி எதற்கு?

கையெழுத்துப் போடக் கூடாதவர்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள். மகனோ மகளோ ரஷ்யாவிலோ பெலாரஸிலோ மருத்துவம் படிக்கிறார்கள் என்றால் அந்த வீட்டிலிருந்து கடிதம் போக வேண்டாம். கப்பல் வேலையில் இருப்பவர்கள் அந்தத் துறைமுகங்களில் இறங்க நேரலாம், அவர்களும் வேண்டாம். இவர்கள் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கலாம், பதிவேட்டைக் கவனிக்கலாம். அதுவும் பாதி வேலை.

இந்தியாவில் விசாவில் தங்கியிருக்கும் வெளிநாட்டவரைக் குழுப் படத்திலோ பதாகைக்குப் பின்னாலோ நிறுத்தாதீர்கள். 2019 இறுதியில் சென்னை ஐஐடியில் படித்துக்கொண்டிருந்த ஜெர்மன் மாணவர் ஒருவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. பெருமாள்புரம் போன்ற மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். சிறை, போர், தப்பித்தல் பற்றி நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்காக அவர்களை மேடையேற்றிப் பேசவைப்பது நம் திருப்திக்கு மட்டுமே உதவும்.

பெயரைத் தேர்ந்தெடுத்தல்

அரசியல் கைதிகளின் பட்டியலை மனித உரிமை அமைப்புகள் வைத்திருக்கின்றன: ரஷ்யாவுக்கு மெமோரியல், ஓவிடி-இன்ஃபோ அமைப்புகளின் பட்டியல்களும் பெலாரஸுக்கு வியாஸ்னா அமைப்பின் பட்டியலும் உண்டு. மெமோரியலுக்கும், வியாஸ்னாவை நிறுவிய அலெஸ் பியாலியாட்ஸ்கிக்கும், உக்ரைனின் குடிமை உரிமைகள் மையத்துக்கும் சேர்த்துத்தான் 2022இல் அமைதி நோபல் கொடுக்கப்பட்டது. இந்தப் பட்டியல்களில் கைதியின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, சிறை முகவரி, எந்த மொழியில் எழுதலாம் என்ற விவரம் இருக்கும்.

பிரபலமானவரை எடுக்காதீர்கள். அவருக்கு உலகம் முழுவதிலிருந்தும் கடிதம் போகும். அதிகம் பேர் அறியாதவரை எடுங்கள். அலெக்ஸெய் கொரினோவ் என்பவர் மாஸ்கோவில் ஒரு வட்டாரக் கவுன்சிலர், நம் ஊர் வார்டு உறுப்பினர் மாதிரி. 2022 மார்ச்சில் மன்றக் கூட்டத்தில் குழந்தைகள் ஓவியப் போட்டி நடத்துவது பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே போட்டியா என்று கேட்டார். அந்த ஜூலையில் 7 ஆண்டு தண்டனை. இப்படிப்பட்ட ஆசிரியர்கள், கவுன்சிலர்கள், நர்சுகள் பட்டியலில் நிறைய உண்டு. குழு முழுக்க இரண்டே பெயர் போதும். இருபது பேருக்கு ஒவ்வொன்று எழுதி நிறுத்துவதைவிட இரண்டு பேருக்கு வருடம் முழுக்க எழுதுவது மேல். சிறை அதிகாரிக்கும் இந்தக் கைதியை வெளியே கவனிக்கிறார்கள் என்பது அதனால்தான் உறைக்கும்.

கைதிகளை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் தபால் போடும் நாளன்று முகவரியைத் திரும்பப் பாருங்கள்.

என்ன எழுதலாம்

தணிக்கையாளர்தான் முதல் வாசகர். ரஷ்யச் சிறைக்கு ரஷ்ய மொழியில்தான் எழுத வேண்டும், பெலாரஸுக்கு ரஷ்யம் அல்லது பெலாரஸ் மொழி. தமிழிலோ ஆங்கிலத்திலோ போனால் தணிக்கையாளரால் படிக்க முடியாது, அதனால் கைதியின் கைக்கும் போகாது.

போர், ராணுவம், அதிபர், வழக்கு, வெளிநாட்டு அமைப்பு, தேர்தல் எதுவும் வேண்டாம். 2022 மார்ச் 4 முதல் ரஷ்யாவில் ராணுவத்தை “இழிவுபடுத்துவதே” குற்றம். நீங்கள் எழுதிய ஒரு வரிக்குக் கைதி பதில் சொல்ல வேண்டிவரும். “உங்கள் போராட்டத்தை ஆதரிக்கிறோம்” என்ற வரிகூட வேண்டாம். ஆதரிக்காதவர் ஏன் இந்தியாவின் தென்கோடியிலிருந்து எழுதப் போகிறார்?

பிறகு எதை எழுதுவது? அன்றாடத்தை எழுதுங்கள், ஆனால் துல்லியமாக. “எங்கள் ஊர் அழகானது” என்பதில் ஒன்றும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பால்வெட்டப் போவது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பட்டையைச் சரிவாகச் சீவுவது, சிரட்டையில் பால் சொட்டுவது, மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை என்பது எல்லாம் எழுதலாம். ஜூனில் ஒரு மழையும் அக்டோபரில் இன்னொரு மழையும் பெறும் மாவட்டம் என்று எழுதலாம். மீன்குழம்பு வைக்கும் விதம், ஒரு சதுரங்கப் புதிரின் முதல் நகர்வு, படித்த புத்தகம் இவையும் நல்லவை. சதுரங்கத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: எழுத்தும் எண்ணுமாக நகர்வுகளை வரிசையாகக் குறித்தால் சங்கேதக் குறி என்று நிறுத்திவிடலாம். வார்த்தையில் எழுதுங்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி. “மழை பிச்சுக்கிட்டு ஊத்துச்சு” என்பதை இயந்திரம் எதையோ கிழித்ததாக ஆக்கிவிடும், “பலத்த மழை பெய்தது” போதும். இயந்திரத்தில் மொழிபெயர்த்ததைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து பாருங்கள், அர்த்தம் தவறினால் மூல வாக்கியத்தை எளிதாக்குங்கள். இரண்டு பிழைகள் மாறாமல் வரும். ஒன்று, ரஷ்யத்தில் இறந்தகால வினை எழுதுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறும். ஆண் எழுதினால் ‘ல்’ என்றும் பெண் எழுதினால் ‘லா’ என்றும் முடியும். இயந்திரம் பெரும்பாலும் எல்லோரையும் ஆணாக்கிவிடும். இரண்டு, ‘நீங்கள்’ என்பதை ‘நீ’ என்று இறக்கிவிடும். இந்த இரண்டையும் ரஷ்யம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். ரஷ்யாவில் மருத்துவம் படித்து முடித்து ஊர் திரும்பிவிட்ட டாக்டர்கள் நம் மாவட்டத்தில் உண்டு.

கடிதத்தின் தலையில் தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள். “இது என் மூன்றாவது கடிதம்” என்று இருந்தால்தான் இடையில் எது நிறுத்தப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

உறையும் தபாலும்

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். வெளிநாட்டுக் கடிதத்தின் முதல் கட்டணப் படி 20 கிராம் வரை. இரண்டு தாள், ஒரு படம், மெல்லிய உறை என்றால் அதற்குள் அடங்கும். படமாகத் திருவள்ளுவர் சிலை, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை எதுவும் வைக்கலாம். சுற்றுலாக் கடையில் விற்கும் வரைபடம் அச்சிட்ட அட்டை மட்டும் வேண்டாம், நில வரைபடம் சிறையில் தடைப்பட்ட பொருள். ஸ்டிக்கர், மினுக்குத் தூள், காய்ந்த பூ, பணம், பேப்பர் கிளிப் எதுவும் கூடாது.

முகவரியில் குடும்பப்பெயர், பெயர், தந்தைவழிப்பெயர், பிறந்த ஆண்டு நான்கும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கைதிகள் இருப்பது சகஜம். ஆறிலக்க அஞ்சல் குறியீடு கட்டாயம். முகவரி ரஷ்ய எழுத்தில் இருக்கலாம், ஆனால் கடைசி வரியில் நாட்டின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் தபால் பிரிக்கும் இடத்திலேயே தங்கிவிடும். உறையின் மேல் “அரசியல் கைதி” என்றோ முழக்கமோ எழுதாதீர்கள்.

நாகர்கோவில் அல்லது தக்கலை தலைமை அஞ்சலகத்தில் கவுண்டரில் கொடுத்து, அந்த நாட்டுக்கு இப்போது தபால் எடுக்கிறார்களா, கட்டணம் என்ன என்று கேட்டு ஒட்டுங்கள். தெருப்பெட்டியில் போட்டுக் கட்டணம் குறைந்தால் கடிதம் திரும்பிவரும். ரஷ்யச் சிறைகளுக்கு இணையவழிக் கடிதச் சேவை உண்டு, ஆனால் 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு அங்கே சேவையை நிறுத்தியதால் நம் கார்டில் கட்ட முடியாது. நமக்குத் தாள்தான் கதி.

பதிவேட்டில் பெயர், அனுப்பிய தேதி, கடித எண், எழுதியவர், முகவரி பார்த்த தேதி, பதில் என்று ஆறு பத்தி போதும். பெலாரஸில் உறவினர் அல்லாதவர் கடிதங்களை அரசியல் கைதிகளுக்குக் கொடுக்காமலே வைத்துக்கொள்வது வழக்கம். பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் குழு மூன்றாம் மாதமே கலைந்துவிடும்.

கூட்டமாக எழுத நாள் தேடினால் நவம்பர் 15 சிறைப்பட்ட எழுத்தாளர் நாள், நூலகத்துக்குப் பொருத்தம்.

பணம்

இதில்தான் நல்ல எண்ணம் உள்ளவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்புத் திட்டம் தனிநபருக்கு மட்டும்தான், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை. சங்கம், டிரஸ்ட் பெயரில் அந்த வழியில் அனுப்ப முடியாது. வங்கியில் ஏ2 படிவமும் பான் எண்ணும் வேண்டும். தனிப்பட்ட அன்பளிப்புக்கு எஸ்1302, வெளிநாட்டு அறநிறுவன நன்கொடைக்கு எஸ்1303 என்று நோக்கக் குறியீடு. மாற்றிப் போட்டால் கேள்வி வரும். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்ததற்கு வருமான வரியில் 80ஜி விலக்கு இல்லை. கிரிப்டோவில் அனுப்பலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

சிறு தொகையை வங்கி வழி அனுப்பினால் கட்டணமே விழுங்கிவிடும், கார்டில் கட்டுவது மலிவு. உக்ரைன் அரசின் யுனைடெட்24 தளத்தில் ராணுவம், மருத்துவம், மறுகட்டுமானம், கல்வி எனத் தனித்தனிக் கணக்குகள் உண்டு. மருத்துவத்தையோ கல்வியையோ எடுங்கள்.

மியான்மருக்கு நேரடியாக அனுப்ப முயலாதீர்கள். 2022 அக்டோபரில் அது எஃப்ஏடிஎஃப் (கறுப்புப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு) கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது, வங்கி திருப்பிவிடலாம். அதைவிட நல்ல வழி நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சின் மாநிலத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மிசோரமில் தஞ்சம் அடைந்தார்கள். மிசோ மக்களின் சமூக அமைப்பான யங் மிசோ அசோசியேஷனும் அங்குள்ள திருச்சபைகளும் சோறு போட்டன. இங்கிருந்து அங்கே அனுப்புவது உள்நாட்டு ரூபாய்ப் பரிமாற்றம், சங்கமும் அனுப்பலாம். நாகர்கோவிலிலும் இருக்கும் இரட்சணிய சேனை ஐசாலிலும் இருக்கிறது. சபை வழியாகக் கேட்டால் என்ன தேவை என்று தெரிந்துவிடும்.

வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர் உங்கள் சங்கத்துக்குப் பணம் அனுப்பினால்? இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழி அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் ஆகும். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கவே கூடாது.

அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

ரஷ்யாவில் படிக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் மெதுஸா போன்ற செய்தித்தள இணைப்பை அனுப்பாதீர்கள். 2023 ஜனவரியில் அது “விரும்பத்தகாத அமைப்பு” ஆக்கப்பட்டது. அங்கிருந்து அதன் இணைப்பைப் பகிர்ந்தால் அபராதம், நன்கொடை கொடுத்தால் குற்ற வழக்கு. நீங்கள் படியுங்கள், அனுப்ப வேண்டாம்.

போர்க்களத்துக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் விஷயம் இன்னும் அவசரம். சமையல், காவல், டிரைவர் வேலை என்று சொல்லி இந்தியர்களை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் ராணுவத்தில் தள்ளியதாக 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்தது. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தின் அஞ்சுதெங்கு மீனவ இளைஞர்களும் அதில் சிக்கினார்கள். கடலோர ஊர்களில் இதைப் பங்கிலும் ஊர்க்கமிட்டியிலும் அறிவிக்கலாம்: ஏஜென்டின் உரிம எண்ணை வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள்; சேவைக்கட்டணம் சட்டப்படி ரூ.30,000 மற்றும் ஜிஎஸ்டி, அதற்கு மேல் கேட்டால் விலகுங்கள். சுற்றுலா விசாவில் வேலை என்றால் பொய். ரஷ்ய மொழி ஒப்பந்தத்தில் புரியாமல் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே போய்விட்டவருக்கு அதே துறையின் ‘மதத்’ (MADAD) என்ற புகார்த் தளத்தில் புகார் பதியுங்கள்.

செய்தி, இணையம்

2022இல் ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர் என்று சுற்றின. வீடியோ வந்தால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள், பாதி அங்கேயே பிடிபடும். பிடிபடாததைக் குழுவில் போடாதீர்கள்.

டோர் என்பது தடைசெய்யப்பட்ட தளங்களை அடையாளம் தெரியாமல் பார்க்க உதவும் இணைய வலை. வீட்டில் அளவில்லா பிராட்பேண்ட் இருந்தால் அதன் ஸ்னோஃப்ளேக் நீட்சியைப் பிரவுசரில் போடலாம். தடை உள்ள நாட்டில் இருப்பவர் டோருக்குள் நுழைய உங்கள் பிரவுசர் தற்காலிகக் கதவாகும். அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி தெரியாது. மொபைல் டேட்டாவில் வேண்டாம், அலுவலகம் அல்லது கல்லூரி இணைப்பில் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது.

பதில் வந்தால்

அதைப் படமெடுத்துப் போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். கைதியின் குடும்பமோ அவருக்காக வேலை செய்யும் அமைப்போ சம்மதிக்காமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. அவர் எழுதிய வரி எந்த அதிகாரி கையில் எதற்கு ஆதாரமாகும் என்று இங்கிருந்து கணிக்க முடியாது. பத்து நாளுக்குள் பதில் எழுதுங்கள், அவர் கேட்ட கேள்விக்கு முதல் பத்தியிலேயே விடை சொல்லுங்கள். விடுதலையானவரின் பெயரைப் பதிவேட்டில் மூடிவிட்டுப் பட்டியலில் அடுத்த பெயரை எடுங்கள், வெளியே வந்தவரைப் பேட்டிக்கோ ஜூம் கூட்டத்துக்கோ இழுக்காதீர்கள்.