ஒரே பலகையில் லேப் ஸ்டீல் கிட்டார்

மடியில் கிடத்தி, தந்திகள்மேல் ஸ்டீல் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்தான் லேப் ஸ்டீல். ஹவாயில் இதைச் செய்ய அந்த ஊர்க் கோவா (koa) மரம்தான் ராஜா. நான் வால்நட்காரன், நடுவில் ஒரு மேப்பிள் பட்டை, அழகுக்கு. கழுத்தும் உடலும் ஒரே பலகை என்பதால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், 40 மி.மீ. கனம் போதும்.

நட்டுக்கும் (கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) பிரிட்ஜுக்கும் (உடல் பக்கம் தாங்கும் கட்டை) நடுவே 571.5 மி.மீ. அதை 17.817-ஆல் வகுத்தால் 32.08, நட்டிலிருந்து அந்தத் தூரத்தில்தான் சுரத்தின் இடம் காட்டும் முதல் கோடு. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போங்கள். 12-ஆவது கோடு சரியாகப் பாதியில் விழ வேண்டும். குறிக்கும்போது எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளங்கள். கோட்டுக்குக் கோடு அளந்தால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். சாதாரணக் கிட்டாரில் கழுத்தின் குறுக்கே பதிக்கும் ஃபிரெட் கம்பி வேண்டாம், கோடுகள் கண்ணுக்குத்தான். மெல்லிய ரம்பத்தால் கீறி, மேப்பிள் சீவலை ஒட்டித் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் நட். தடித்த தந்திக்கு ஆழமான பள்ளம், மெல்லியதற்கு மேலோட்டமாக; தந்திகளின் மேல்பக்கம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஸ்டீல் கட்டையை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். எந்தத் தந்திக்கு மேல் வெளிச்சம் கசியவில்லையோ, அதன் பள்ளத்தில் அரம் போடுங்கள்.

பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் கம்பிச்சுருள்) கடையில் வாங்குங்கள், அதைச் சுற்றுவது தனி வித்தை. டங் எண்ணெய் பூசி, நன்றாகக் காய்ந்ததும் தந்தி ஏற்றி, தடித்ததிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்று சுருதி சேருங்கள்.