திரும்பி வரும் வண்டி: வரிசைக் கணக்கில் செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் நான்கு மாணவர்கள், கல்லாறு சோதனைச் சாவடியின் இ-பாஸ் வரிசையில் எவ்வளவு வண்டி நிற்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு குன்னூருக்கு என்னிடம் வந்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். தாளைப் புரட்டினால், நான் அந்தக் காலத்தில் செய்த அதே தவறு. நிமிடத்தையும் மணியையும் குழப்பிக்கொள்வதை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை; விடையே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

திரும்பி வருபவர்களை எண்ணாமல் விடுவது

மணிக்கு 60 வண்டி வருகிறது, சாவடியால் 90 வண்டி பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். வருகையும் சோதனை நேரமும் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும்போது, எளிய சூத்திரப்படி (வரும் 60-ஐ, 90-க்கு மீதமுள்ள 30-ஆல் வகுத்தால்) சராசரியாக 2 வண்டி நிற்கும், ஒரு வண்டிக்கு 2 நிமிடம் ஆகும். மாணவர்கள் இதோடு நிறுத்திவிட்டார்கள்.

பாஸ் இல்லாத வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்களே, அது என்ன ஆகும்? ஓட்டுநர் போனில் பதிவு செய்துவிட்டு மறுபடி வரிசைக்குத்தான் வருவார். ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு வண்டி இப்படித் திரும்பினால், சாவடி பார்க்க வேண்டியது மணிக்கு 80 வண்டி: 60-ஐ முக்காலால் வகுத்த எண். வேலை கூடியது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் 2 வண்டி வரிசை 8 ஆகிவிடும், திரும்பி வந்து நிற்பதையும் சேர்த்தால் ஒரு வண்டிக்கு 2 நிமிடமும் 8 நிமிடம் ஆகிவிடும்.

நான் இதை ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குச் செய்தேன். ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரிடம் திரும்புகிறவர்களைச் சேர்க்காமல், ஒரு டாக்டர் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். எட்டு மணிக்கு வந்த ஒரு பாட்டி, பதினொன்றரைக்கும் மடித்த சீட்டைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உட்கார பெஞ்சில் இடமில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வாசலில் நின்று எண்ணும்போது புதிதாக வருபவருக்கு ஒரு கோடு, திரும்பி வருபவருக்கு ஒரு புள்ளி என்று குறித்திருந்தால் போதும், அரை நாள் வேலை.

முன்னுரிமை கொடுத்தால் வரிசை குறையும் என்று நம்புவது

ஆம்புலன்ஸை முன்னால் விட்டே ஆக வேண்டும். அந்த நேரம் பின்னால் நிற்பவரிடமிருந்துதான் போகிறது. முன்னுரிமைப்படி பிரித்த ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு காத்திருக்கும் என்று கணக்கிட 1954-லேயே ஆலன் காப்ஹம் என்ற ஆய்வாளர் சூத்திரம் கொடுத்துவிட்டார். சாவடி நிறைய நிறைய, கடைசிப் பிரிவின் காத்திருப்பு மளமளவென்று ஏறும். அதனால் பிரிவுவாரியாக விடை எழுதுங்கள்.

திரும்பியவர் எங்கே சேர்கிறார் என்று கேட்காதது

முன்னாலா, கடைசியிலா? காவலரிடமே கேளுங்கள்.

வருடச் சராசரி

மே மாதச் சனிக்கிழமைக் காலையையும் ஜூலை மழைநாளையும் கூட்டி வகுக்காதீர்கள்.