‘அழுக்குதான் அடைத்திருக்கும்’: காது மந்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எழும்போது ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறது. கூடவே ‘ஙொய்’ என்ற இரைச்சல். சளி பிடித்திருக்கும், இல்லையென்றால் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று எண்ணி, காய்ச்சிய எண்ணெயில் நான்கு சொட்டு விட்டுக்கொண்டு பத்து நாள் காத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். காது தொடர்பான தவறுகளில் இதைவிட இழப்பு மிகுந்தது வேறில்லை என்பேன். அடைப்பு உண்மையிலேயே அழுக்கினால் ஆனது என்றால் இந்தத் தாமதத்தால் பெரிய கேடில்லை. ஆனால் 72 மணி நேரத்துக்குள் உட்செவியின் கேட்கும் திறன் திடீரென இறங்கிவிடும் நிலை ஒன்று உண்டு. அதற்கும் வெளியே தெரியும் அறிகுறி இதே அடைப்பும் இரைச்சலும்தான். பெரும்பாலும் வலி இருப்பதில்லை என்பதால் அலட்சியமும் எளிதாக வந்துவிடுகிறது. இதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே ஒரு காது திடீரென மந்தமானால், அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று முனகிப் பார்ப்பதும் ஒரு குறிப்புத் தரும்: ஒலி அடைத்த காதில் உரக்கக் கேட்டால் வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ தடை இருக்கலாம், நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். எனினும் முனகிப் பார்த்ததை நம்பி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரே அறிகுறிக்கு இரு வேறு பொருள் வருவதற்குக் காரணம், காது மந்தம் என்பது ஒரே நோய் அன்று என்பதுதான். செவிக்குழாய் வழியே வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்து, மூன்று சிற்றெலும்புகள் வழியாக நத்தை வடிவ உட்செவியைச் சென்றடைகிறது. அங்குள்ள ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் அந்த அதிர்வை நரம்புக்குரிய மின்குறிப்பாக மாற்றுகின்றன. குறும்பி எனப்படும் காது அழுக்கின் அடைப்பு, செவிப்பறையில் ஓட்டை, நடுச்செவியில் நீர், எலும்பு இறுகிப்போதல் ஆகியவற்றைப் பெரும்பாலும் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். மயிரணுக்களோ மனிதரிடத்தில் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் ‘நரம்புக்கு வலுவூட்டும்’ டானிக்கை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் பணத்தோடு காலத்தையும் இழக்கிறார்கள். பழுது எந்த இடத்தில், எந்த அளவில் என்பதைச் செவித்திறன் பரிசோதனையே சொல்லும். சிகிச்சை அதற்குப் பிறகு வர வேண்டியது.

பட்ஸ், ஊக்கு, கொண்டை ஊசி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: குறும்பி தானாக வெளியேறும் இயல்புடையது, இவை அதை உள்ளே தள்ளுகின்றன. காதில் சீழ் வடிவதைச் ‘சளி இறங்குகிறது’ என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. நாற்றத்துடன் வடியும் சீழுக்குப் பின்னால், சுற்றியுள்ள எலும்பை அரித்துச் செல்லும் தோல் வளர்ச்சி இருக்கக்கூடும். அதற்கு அறுவை சிகிச்சையே வழி. செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது எண்ணெய் விடுவதும், ஜென்டாமைசின் போன்ற மருந்து கலந்த சொட்டு மருந்தைக் கடையில் தானே கேட்டு வாங்கி ஊற்றுவதும் உட்செவியையும் கெடுத்துவிடலாம்.

வயதானவர்கள் “கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை” என்பார்கள். வீட்டார் இதைக் கவனமின்மை என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்வது பெரும் அநீதி. முதுமையில் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பதால் தப்பிவிடும், மெய்யொலிகளே நழுவும். அதனால் ‘பாசி’யும் ‘பாதி’யும் ஒன்றுபோல் கேட்கும். அப்போது கத்துவதால் உயிரொலிகள்தான் இன்னும் பெருகுகின்றன. எதிரில் அமர்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுவதே உதவும்.

இத்தகையவருக்கு உரியது காது கேட்கும் கருவி. இணையத்தில் வாங்கும் மலிவான ஒலிபெருக்கி எல்லா ஒலியையும் ஒருசேரப் பெருக்குகிறது; பரிசோதனைக்குப் பின் பொருத்தப்படும் கருவியோ எந்த அதிர்வெண்ணில் குறைவு உள்ளதோ அங்கே கூட்டித் தருமாறு அமைக்கப்படுகிறது. மறைந்த தாத்தாவின் கருவியைப் பாட்டிக்கு மாட்டுவது அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை அணிவதற்கு நிகர். புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். முதல் வாரத்தில் மிக்சி இரைச்சலும் தட்டு உரசும் ஓசையும் தாங்கவில்லை என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுவதால்தான் பலருடைய கருவிகள் வீணாகின்றன. விருந்தினர் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்வதாலும் பயனில்லை.

குழந்தைகளின் நிலை இன்னும் அவசரமானது. “அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்” என்று காத்திருப்பதும், நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்ப்பதும், தட்டைத் தட்டியதும் திரும்புகிறானே என்று ஆறுதல் கொள்வதும் இன்றும் நடக்கின்றன. காது கேளாத குழந்தை நிழலசைவையும் தரையதிர்வையும் உணர்ந்தே திரும்பக்கூடும். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். நெருங்கிய உறவில் திருமணம் செய்தோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். காது கேட்கும் கருவியால் பயன்பெறாத குழந்தைக்குக் காக்லியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உட்செவியில் பொருத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் மின்கருவி, தேவைப்படலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. ஆனால் அறுவை முடிந்ததும் பேச்சு வந்துவிடும் என்று நம்புவதும் தவறே. சில வாரங்கள் கழித்துக் கருவி இயக்கப்படும் நாளில், நான்கு வயதுப் பிள்ளையாயினும் அவனுடைய கேட்கும் வயது சுழியம். அங்கிருந்து ஒவ்வோர் ஒலியாகப் பழக்கும் பயிற்சி, மையத்திலும் வீட்டிலும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். பயிற்சி மையம் தொலைவில் இருக்கிறது என்று இடையில் நிறுத்திவிட்டால், கருவி காதில் இருந்தும் பேச்சு வராமல் நின்றுவிடும்.